ஜன்னலோரத்து அம்மாவும் ஞானம்மாளும்

இரும்புலியூரில் ஞானம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: வாயில்லாப் பூச்சி. மாதா கோயிலுக்கு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், பூசை முடிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புருஷன் பின்னால் போய்விடுவாள். முப்பத்தாறு வருஷமாக அதே தெருவில் இருக்கிறாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்கே சரியாகத் தெரியாது. அப்படிப்பட்டவளிடம்தான் போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, செம்பாக்கத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஒரு சின்ன அறையில், தீபலட்சுமி என்ற பெண் ஒரு படத்தை நீட்டினாள்.

"அம்மா, இதுல என்ன தெரியுது? முதல்ல நீங்க சொல்லுங்க, சார் கேக்கட்டும்."

பாவம், நல்ல பெண். கேட்டிருக்கவே கூடாது.

தீபலட்சுமிக்குத் தொழிலே பேச்சு போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது. சார் என்று அவள் சொன்னது ஞானம்மாளின் புருஷன் சவுரிமுத்துவை. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜனவரியில் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே பாத்ரூம் சுவரில் சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் பாதி திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. சொல்வதெல்லாம் புரிகிறது, உள்ளே வார்த்தையும் இருக்கிறது, வாய்க்கு வர மாட்டேன் என்கிறது.

படம் வெளிநாட்டுப் படம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வண்ணக் கட்டிகளை உரசி வரைந்தது, பேஸ்டல் என்பார்கள் என்று தீபலட்சுமி சொன்னாள். அதன் கலர் பிரிண்டை லேமினேட் செய்து வைத்திருந்தாள். சாக்பீஸ் பொடியை விரலால் தேய்த்துவிட்ட மாதிரி எல்லாம் ஒரே மங்கல். ஓர் அறை. ஜன்னலோரம் நாற்காலியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மா, மடியில் துணி. மேஜையில் ஒரு கிண்ணம். அந்தப் பக்கம் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து நமக்கு முதுகைக் காட்டும் ஓர் ஆள். நாற்காலிக்கு அடியில் பூனை. அவ்வளவுதான். ஒன்றும் நடக்காத படம் என்பதால்தான் தீபலட்சுமி அதை எடுத்திருந்தாள். ஜன்னல், பூனை, கிண்ணம் என்று நோயாளிகள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பழகலாம்.

ஞானம்மாள் படத்தைக் கிட்டே இழுத்தாள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"இந்தம்மா துணி தைக்கலம்மா. தைக்கிற மாரி உக்காந்துகினு கீறாங்க. கையைப் பாரு, ஊசி நகரவே இல்ல. மேஜைல ஒரு கிண்ணம்தான் கீது. அந்தாளு துன்னுட்டுத் திரும்பிட்டான். இந்தம்மா இன்னும் துன்னல. கிண்ணத்த எடுத்தா சத்தம் வருமேன்னு உக்காந்துகினு கீறாங்க. பூனைக்குக்கூட அது தெரியும், அதான் அடில போய்ப் பதுங்கிகினு கீது."

தீபலட்சுமி சிரித்துவிட்டாள். "இதை எத்தனையோ பேர்கிட்ட காட்டியிருக்கேன். எல்லாரும் அமைதியான குடும்பம்னுதான் சொல்வாங்க."

"அமைதிதாம்மா. ஒருத்தர் வாய மூடிகினு இருந்தா வூடு அமைதியாத்தான் இருக்கும்."

"சரி, இப்ப சார் சொல்லட்டும். நீங்க பேசாம இருங்க," என்று படத்தைச் சவுரிமுத்து பக்கம் திருப்பி, ஜன்னல் மேல் விரலை வைத்தாள். "சார், இது என்ன?"

சவுரிமுத்து பார்த்தார். உதட்டைக் குவித்தார், விரித்தார். நெற்றியில் வியர்த்தது. "தா," என்றார். "தா... தா." அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. இடது கையால் மேஜையைத் தட்டிவிட்டு மறுபடி "தா" என்றார்.

ஞானம்மாளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ குபீரென்று பொங்கியது. என்னவோ என்ன, சந்தோஷம்தான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக நான் தயாரில்லை.

சவுரிமுத்து அவளை அடித்தாரா? ஒருநாளும் இல்லை. கை நீட்டியதே இல்லை என்று நாலு பேர் நடுவில் அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். குடிக்க மாட்டார். சம்பளத்தை வீட்டில் கொடுத்துவிடுவார். கோயிலில் வாசகம் வாசிப்பார், தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியத்துக்குத் தலைவர். சுத்தமான தமிழ் பேசுவார். பேச வேண்டும் என்று வைராக்கியமாகப் பழகிக்கொண்டவர். அவருக்கு வாய்த்தவளோ படப்பைப் பக்கம் செங்கல் சூளையில் கல் அறுத்த வீட்டுப் பெண். வாயைத் திறந்தால் இன்னா, கீது. அவர் விரலை உயர்த்துவார். "தப்பு. இன்னா இல்லை, என்ன. திரும்பச் சொல்." அவள் திரும்பச் சொல்ல வேண்டும். சாதம் ஆறினாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி.

மகன் ஜெரோமின் ஞானஸ்நான விருந்தில், "இன்னும் கொஞ்சம் துன்றீங்களா?" என்று ஆசையாகக் கேட்டுக்கொண்டு பந்தியில் போனாள். அவர் இலையிலிருந்து நிமிர்ந்து அதே குரலில், அதே இழுப்பில் சொல்லிக்காட்டினார். பந்தியே சிரித்தது. ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரும் சிரித்தார். வீட்டில் மாலை ஜெபமாலை சொல்லும்போது அவர் முன்பாதி சொல்வார், அவளும் மகனும் பின்பாதி சொல்ல வேண்டும். அவள் நாக்கு ஒரு இடத்தில் இடறினால் மணியை அங்கேயே பிடித்துக்கொண்டு, "தப்பு, முதலிலிருந்து" என்பார். மாதாவுக்கே பொறுமை போயிருக்கும்.

எல்லாவற்றையும் விழுங்கினாள். விழுங்க முடியாதது ஒன்று உண்டு. அவள் அம்மா செத்தபோது, பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் ஊர் வழக்கப்படி ராகம் போட்டு அழ ஆரம்பித்தாள். ரெண்டு வரிகூட முடியவில்லை. சவுரிமுத்து வந்து தோளைத் தொட்டார். "இதென்ன காட்டுமிராண்டித்தனம்? எழுந்திரு. ஜெபம் சொல்." அத்தனை சொந்தக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்து சுவரோரம் போய் நின்றாள். பெற்றவளுக்கு அழக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. அன்றோடு பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டாள்.

தீபலட்சுமி படத்துக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தாள். "காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி வீட்ல பிராக்டிஸ் பண்ணணும். முதல் ஆறு மாசம்தான் ரொம்ப முக்கியம்மா. அதுக்குள்ள எவ்வளவு வருதோ, அவ்வளவுதான். வாரத்துல ரெண்டு தடவை நான் பண்றது பெருசில்ல, நீங்க பண்றதுதான். அவரோட பேச்சு உங்க கையிலதான் இருக்கு."

பார்த்தீர்களா, யார் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று!

ஜெரோமுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. வருவான், தின்பான், தூங்குவான். போகும்போது, "இன்னாம்மா, அப்பா எதுனா பேசினாரா?" என்பான். "இன்னும் இல்லப்பா" என்பாள். அவன் பைக் சத்தம் ஜி.எஸ்.டி. ரோட்டில் கரைந்ததும், ஞானம்மாள் தெருக்கதவைச் சாத்திவிட்டு, கட்டிலுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டுப் படத்தை மடியில் வைத்துக்கொள்வாள். முப்பத்தாறு வருஷம் நீங்க, வாங்க என்றவள் முதல் நாளே நீ என்று ஆரம்பித்தாள்.

"இந்தப் பொம்பள யாருன்னு நெனைச்சுகினு கீற? பத்தொன்பது வயசுல கட்டிக் குடுத்தாங்கோ. நல்லாப் பேசுவா. சூளைல வேலை செய்யறப்போ இவ பேச ஆரம்பிச்சா மத்தவங்க கல்லைக் கீழ வெச்சுட்டுக் கேப்பாங்கோ. வந்த வூட்ல ஒருத்தன் விரலைத் தூக்கினான்..."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். அவள் எழுந்து தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்புவாள். "சொல்லிகினு கீறேன் இல்ல? மூஞ்சப் பாரு."

தினமும் ஒரு கதை. ஒருநாள் படத்தில் மடியிலிருக்கும் துணி அவள் அம்மாவின் சேலை. அதைத் தைக்கவில்லை, மோந்துகொண்டிருக்கிறாள். இன்னொரு நாள் அந்த ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்காரி கூப்பிடுகிறாள், பதில் சொன்னால் அந்த ஆள் திரும்பிப் பார்ப்பானே என்று காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். அரை மணி ஒரு மணி ஆனது. தண்ணீர் வேண்டும் என்று அவர் சொம்பைக் காட்டினால், "இரு, கதை முடியட்டும்" என்பாள். கதை சாவகாசமாக முடியும். அவளுக்கு உடம்புகூடத் தேறிவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். புருஷன் படுத்துவிட்ட கவலையிலும் எப்படி முகம் தெளிவாக வைத்திருக்கிறாள் பார் என்றார்கள்.

மார்ச் மாதம் ஒரு காலை. அவள் பூனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சவுரிமுத்து இடது கையை நீட்டிப் படத்தைத் தொட்டார். "ஜ... ஜன்... ஜன்னல்," என்றார்.

சுத்தமாக வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! ஐந்து வயசுப் பிள்ளை மாதிரி. படத்தைத் தொட்டார், தெருப்பக்கத்து ஜன்னலைக் காட்டினார், "ஜன்னல்," என்றார் மறுபடி. கண்ணில் நீர் வழிந்தது.

ஞானம்மாள் விரலை உயர்த்தினாள்.

"தப்பு."

அவருக்குப் புரியவில்லை. "ஜன்னல்," என்றார்.

"தப்பு. திரும்பச் சொல்லு."

சொன்னார். தப்பு என்றாள். மறுநாளும் சொன்னார், தப்பு. மூன்றாம் நாள் அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். தனக்குத்தான் மண்டைக்குள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறதோ என்று நினைத்தாரோ என்னவோ. நாலாம் நாள் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை செம்பாக்கத்தில் தீபலட்சுமி ஜன்னல் மேல் விரலை வைத்தபோது, அவர் படத்தைப் பார்க்கவில்லை, ஞானம்மாளைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு வீட்டில் பூனை வந்தது, கிண்ணம் வந்தது. வந்த ஒவ்வொரு வார்த்தையையும் அவள் வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினாள்.

சொல்லவே கூசுகிறது, ஆனால் இதைவிடவும் ஒன்று செய்தாள். ஈஸ்டர் கழிந்த வாரம், ஒரு சாயங்காலம் அடுப்பில் உலையை வைத்துவிட்டு, பழக்கத்தில் அவள் பாட்டுக்கு ஜெபமாலையின் முன்பாதியை வாய்விட்டுச் சொன்னாள். கட்டிலிலிருந்து பின்பாதி வந்தது. முழுசாக, தடுமாறாமல், கோயிலில் வாசகம் வாசிக்கும் அதே குரலில். அந்தக் குரல் இந்த வீட்டை விட்டுப் போய்விட்டது என்றல்லவா ஞானம்மாள் இருந்தாள்! அன்றிலிருந்து வீட்டில் ஜெபம் நின்றது. மாதா படத்துக்கு முன்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு மனசுக்குள் சொன்னாள். அதுவும் சில நாளில் நின்றுபோனது. அவளுக்கே மாதாவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்திருக்கும்.

மே மாதம் தீபலட்சுமி கையைப் பிசைந்தாள். "ஒரு முன்னேற்றமும் இல்லையேம்மா. சிலருக்கு வார்த்தை வராது, ஆனா மனப்பாடமா இருக்கிறது தானா வரும். பாட்டு, ஜெபம், ஸ்லோகம் மாதிரி. அதைப் புடிச்சுக்கிட்டே மத்ததைக் கொண்டு வந்துடலாம். சாருக்கு அப்படி ஏதாவது பழக்கம் உண்டா?"

சவுரிமுத்து சட்டென்று நிமிர்ந்தார். ஞானம்மாளையே பார்த்தார். அவர் கண் கெஞ்சியது. முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கண் கெஞ்சி அவள் பார்த்ததில்லை.

"இல்லம்மா," என்றாள். "அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கோயில் பக்கமே போவ மாட்டாரு."

அவர் மேஜையை ஓங்கித் தட்டினார். "தா! தா!" என்று கத்தினார். கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தது. தீபலட்சுமி பயந்து பின்னால் நகர்ந்தாள். "கோவம் அதிகமாயிட்டா வர்றதும் வராது, அவரைப் பத்திரமா பாத்துக்குங்க" என்றாள். அன்பியத் தலைவரைக் கோயில் பக்கமே போகாதவராக்கிவிட்டு, ஞானம்மாள் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினாள்.

அன்று சாயங்காலம்தான் அந்தப் படம் தனக்கு முழுசாகப் புரிந்தது என்று அவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். "இவ்வளவு நாளு தப்பாப் பாத்துகினு இருந்தேன். இவ பயந்துகினு உக்காந்துகினு கீறான்னு நெனைச்சேன். இல்ல. அந்தாளு இன்னாத்துக்கு முதுகைக் காட்டிகினு கீறான்? அவனுக்கும் உன்ன மாரிதான். வாய் பூட்டிகிச்சு. அதான் இவ சாவகாசமா உக்காந்துகினு கீறா. தைக்கணும்னா தைப்பா, துன்னணும்னா துன்னுவா. அவ மூஞ்சப் பாரு, எவ்ளோ நிம்மதி! இத வரைஞ்சவனுக்குத் தெரிஞ்சு கீது." சவுரிமுத்து அன்று சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. படத்தில் இருக்கும் அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெரோம் தானே படத்தை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, இது இன்னாப்பா? பூனைப்பா. சொல்லுப்பா." அவர் வாயைத் திறந்தார், வாசற்படியில் நின்ற ஞானம்மாளைப் பார்த்தார், மூடிக்கொண்டார். ஜெரோம் அப்பாவின் மடியில் தலையை வைத்துத் தேம்பி அழுதான். முப்பத்துமூன்று வயசு ஆம்பளை. ஞானம்மாள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மனசு இரங்கவில்லையா என்றால், இரங்கியது. நாளைக் காலையிலிருந்து ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். விடிந்ததும் வீடு அத்தனை அமைதியாக இருந்தது. காபியைச் சூடாக, முழுசாக, யாரும் கூப்பிடாமல் உட்கார்ந்து குடித்தாள். நேற்று நினைத்தது போன இடம் தெரியவில்லை.

ஜூலை வந்தது. ஆறு மாதம் முடிந்தது. தீபலட்சுமி ஒரு கடைசிப் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்றாள். படத்துக்குச் சரியாக ஏதாவது ஒரு வார்த்தை வந்தாலும் பயிற்சியைத் தொடரலாம், வரவில்லை என்றால் ஃபைலை மூடிவிட வேண்டியதுதான். சவுரிமுத்து புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஜெரோம் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தான்.

தீபலட்சுமி ஜன்னலில் விரலை வைத்தாள். பதில் இல்லை. பூனை, இல்லை. கிண்ணம், இல்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு விரலை நாற்காலியில் இருக்கும் அம்மாவின் மேல் வைத்தாள். "சார், இது யாரு?"

இந்தத் தடவை அவர் ஞானம்மாளைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது, தொண்டை ஏறி இறங்கியது, எச்சில் ஒழுகியது.

"ஞா..." என்றார். "ஞான... ஞானம்மா."

அவளை ஏய் என்று கூப்பிட்ட வாய் அது. இந்தா, ஜெரோம் அம்மா, யாரங்கே என்று எல்லாம் கூப்பிட்டிருக்கிறது. இந்தப் பெயர் இதுவரை அதில் வந்ததே கிடையாது.

"ஞானம்மாவா?" தீபலட்சுமி துள்ளி எழாத குறை. "யாரு சார் அது?" அவர் படத்தைத் தொட்டு, "ஞானம்மா," என்றார் திரும்பவும். தீபலட்சுமி ஞானம்மாள் பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க வீட்ல அந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா? யாரையோ நினைச்சுத்தான் சொல்றாரு. அப்படின்னா இது சரியான பதில்தாம்மா." ஆறு மாதமாக அந்தப் பெண்ணுக்கு இவள் வெறும் அம்மாதான். ஃபைலில் சவுரிமுத்துவின் பெயரும் ஜெரோமின் போன் நம்பரும் மட்டும் இருந்தன.

நான்தாம்மா என்று அவள் இவ்வளவு சொன்னால் போதும். ஞானம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது, மறைத்து என்ன பிரயோஜனம்? எத்தனை வருஷம் அந்த ஒரு வார்த்தைக்குக் காத்துக் கிடந்தாள்! கதை கதையாகச் சொன்னதை மனுஷன் கேட்டிருக்கிறார், அந்தப் பொம்பளை யார் என்று கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இது பெயரோடு நிற்குமா? இன்றைக்குப் பெயர் வரும். ஆடியில் ஜன்னலும் பூனையும் வரும். கிறிஸ்மஸுக்குள் குழம்பில் உப்பு வரும், கரி பிடித்த சட்டி வரும், அப்புறம் அந்த விரல் எழும்பும். அவளுக்கு அவரைத் தெரியாதா?

முந்தானையால் அவர் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள்.

"இல்லம்மா," என்றாள். "எங்க வூட்ல அந்தப் பேர்ல யாரும் கிடையாது."

சவுரிமுத்து அவளைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி சொல்லப் பார்த்தார். உதடு கூடியது, சத்தம் வரவில்லை. தீபலட்சுமி கொஞ்ச நேரம் காத்திருந்து, அந்தக் கேள்விக்கான கட்டத்தில் தப்பு என்று ஒரு பெருக்கல் குறி போட்டு, ஃபைலை மூடினாள்.